சாப்பாட்டு வேளையில் நின்றுபோன படம்

ஒயரில்லாக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கேமராவை அணைத்துவிடுகிறாள், அந்த இடைவெளியில் திருடன் வந்து ஒயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு போகிறான், இருவருக்கும் பங்கு உண்டு. வதந்தி இவ்வளவுதான். கேமரா இருக்கும் அந்தப் புதுக் கட்டடத்தின் வாசல் டீக்கடையில் கேட்டால் பங்கு பாதிக்குப் பாதி. தெருமுனைச் சலூனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது முக்காலுக்குக் கால் ஆகிவிட்டது. அங்கிருந்து சைக்கிள் பஞ்சர் கடைக்கு வந்தபோது திருடன் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பியாகியிருந்தான்.

இப்படி நன்றாக வளர்ந்து ஆளாகி நிற்கும் வதந்தியைச் சும்மா விடக் கூடாது. விசாரித்ததில் முதலில் தெரியவந்தது கொஞ்சம் சங்கடமான சங்கதி: அதில் ஒரு பகுதி உண்மை. சாப்பாட்டு மணி அடித்த சற்று நேரத்தில் கேமராப் படம் நிஜமாகவே நின்றுவிடும். மறுபடி மணி அடித்து, எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய பிறகு தானாக வந்துவிடும். மின்வேலைக்கு வாங்கி வைத்த செம்பு ஒயர்ச் சுருள்கள் காணாமல் போனதும் நிஜம். போன நேரமும் அதே நேரம். ஒன்றுவிட்ட தம்பி நிச்சயமாகப் பொய். அவளுடைய பரம்பரையில் எல்லாம் பெண்கள்தான்.

அவள் கேமரா வைப்பவள். வீட்டுக்கும் கடைக்கும் கேமரா வைப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவள் வைப்பது இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போகும் இடங்களில். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடம், தோண்டிப் போட்ட சாலை, பொருட்காட்சிக்கு வளைத்த மைதானம், இடித்துக்கொண்டிருக்கும் பழைய ஆலை. அங்கெல்லாம் இன்டர்நெட் கேபிள் வராது. ஒரு தடவை ஆசைக்குக் கேபிள் கம்பெனிக்குப் போன் பண்ணிப் பார்த்தாள்.

"கதவு நம்பர் சொல்லுங்க மேடம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"கதவே இன்னும் வைக்கலைங்க."

"அப்ப வச்சதும் கூப்பிடுங்க மேடம்."

கதவு வைத்த பிறகு அவளுக்கு அங்கே என்ன வேலை? அதனால் எல்லாம் சிம் கார்டுதான். ஒரு இரும்புக் கம்பம், காற்றுக்குச் சாயாமல் இருக்க அதன் அடியில் ஒரு கான்கிரீட் கட்டை, உச்சியில் கேமராவும் சோலார் தகடும், நடுவில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. பெட்டிக்குள் பேட்டரி, பக்கத்தில் ஒரு ரவுட்டர், ரவுட்டரின் வயிற்றில் நம் போனில் இருப்பது போலவே ஒரு சிம். கேமரா பார்ப்பதை ரவுட்டர் செல்போன் டவருக்கு அனுப்பும். அங்கிருந்து அது மேனேஜரின் போனுக்கும் அவளுடைய வீட்டுக்கும் போகும். இழுத்துக் கட்ட ஒரு முழம் ஒயர் கிடையாது. முதல் நாள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒயரைத் தேடிய வேலையாட்கள், கிடைக்காத கடுப்பில் வைத்த பெயர்தான் ஒயரில்லாக்கா.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது ஒரு செல்போன் கடைக் கவுன்டரிலிருந்து. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே சிம் விற்றுக்கொண்டிருந்தாள். சிக்னல் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களை "எந்த ரூம்ல நின்னு பேசுறீங்க?" என்று ஒரே கேள்வியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவள். ஒரு நாள் ஒரு கான்ட்ராக்டர் வந்து, தண்ணீர் பம்பு களவு போன கதையைச் சொல்லி, கவுன்டரிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தால்தான் அடுத்த ஆளைக் கவனிக்க முடியும். ஆகவே அவள் ஒரு பழைய போனில் சிம்மைப் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். "இதை ஷெட்டு ஜன்னல்ல வைங்க. நீங்க வீட்ல உக்காந்து பாருங்க." அடுத்த வாரம் அவர் இன்னொரு டப்பா கேட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய மச்சான் வந்தார். கொஞ்ச நாளில் கவுன்டருக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று முதலாளிக்கு.

அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு விளம்பரப் பலகை கிடையாது. ஒரு கான்ட்ராக்டர் இன்னொரு கான்ட்ராக்டரிடம் 'அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க, நம்பலாம்' என்று சொல்வதுதான் பலகை. அந்தப் பலகையில்தான் இப்போது தார் பூசப்பட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தகரத்தால் அடித்த அலுவலக அறை. சுவரில் கட்டடத்தின் வரைபடம், அதற்குக் கீழே ஒரு மின்விசிறி, மின்விசிறிக்கு நேராக மேனேஜர். மற்றவர்களுக்குக் காற்று வராது.

"ஏம்மா, நேராவே கேக்குறேன். கேமராவை அணைக்கிறீங்களா?"

"இல்லை சார்."

"அப்ப அது ஏன் சாப்பாட்டு நேரம் பார்த்து அணையுது? அதுக்கும் பசிக்குமா?"

"தெரியலை சார். கண்டுபிடிக்கிறேன்."

"கார்டு ஏதாவது இருந்தா எடுத்துப் போடுங்க, பார்த்துரலாம்."

இங்கேதான் அவள் விழித்தாள். அவளுடைய கேமராக்களில் கார்டு கிடையாது. அது அவளுடைய கொள்கை. முன்பொரு இடத்தில் திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனான். உள்ளே இருந்த கார்டும் போயிற்று, கார்டில் இருந்த அவன் முகமும் போயிற்று. சாட்சியைத் திருடனே சுமந்துகொண்டு போகும்படி விடலாமா? அன்றிலிருந்து எல்லாப் படமும் நேராக வீட்டுக்கு, அங்கே இருக்கும் பதிவுப் பெட்டிக்கு. அது நல்ல கொள்கைதான், படம் வீடு வந்து சேரும் வரைக்கும்.

"அடுத்த வாரம் ஓனர் வர்றாரு" என்றார் மேனேஜர். "அவர் பார்க்கும்போது சாப்பாட்டு நேரத்துல படம் ஓடணும். ஓடலைன்னா உங்க கம்பத்தையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிருங்க. எதுக்குப் பிடுங்குனீங்கன்னு யாராவது கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்த மனிதர் கொடுமைக்காரர் அல்ல. காணாமல் போன ஒயருக்கு அவரும் மேலே பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிந்த கான்ட்ராக்டர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மற்ற கம்பங்கள் எல்லாம் அவர்களுடைய மண்ணில்தான் நின்றன.

வீட்டில் முன்னறை முழுக்கத் துணி. அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர். அவர் துணி வெட்டும் மேசைக்குக் கீழேதான் பதிவுப் பெட்டி இருந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று அவர் அதன்மேல் காலை வைத்துக்கொள்வார். மேசை ஓரத்தில் சின்னத் திரை. பட்டன் தைத்துக்கொண்டே அவர் பல கட்டடங்கள் எழும்புவதைப் பார்த்திருக்கிறார்.

"இன்னிக்கும் சாப்பாட்டு நேரத்துல போயிடுச்சு" என்றார், வாயில் குண்டூசியோடு.

"தெரியும்."

"ஊரே உனக்குப் பங்கு வருதுன்னு சொல்லுது. எங்க வச்சிருக்கேன்னு என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"உங்க தையல் மெஷினுக்கு அடியில. தினமும் மிதிக்கிறீங்க, தெரியலையா?"

அவர் சிரித்துவிட்டு ஊசிகளைத் துப்பினார். "சரி, என்ன பண்ணப் போறே?"

"கண்டுபிடிக்கப் போறேன்."

"கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"அந்தக் கேள்விக்கு நேரம் இல்லைங்க."

மறுநாள் அவள் சிம்மை மாற்றினாள். வேறு கம்பெனி. பயனில்லை. ரவுட்டரை மாற்றினாள். பேட்டரியைச் சோதித்தாள். சோலார் தகட்டில் சிமென்ட் தூசு படிந்திருந்ததைத் துணி போட்டுத் துடைத்தாள். தகடு பளபளத்தது, படம் வழக்கம்போல் நின்றது. கம்பத்தடியில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் முழுவதும் போனையே பார்த்தாள். இதில் கொடுமை என்னவென்றால், சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. படம் மட்டும் போகவில்லை. கூப்பிட்டால் 'வர்றேன் வர்றேன்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறவனைப் போல இருந்தது அந்தச் சிக்னல்.

அவள் அங்கே உட்கார்ந்திருப்பது வேலையாட்களுக்குப் பிடிக்கவில்லை. ஒயர் காணாமல் போனதிலிருந்து மாலையில் வெளியே போகும்போது வாசலில் எல்லோருடைய பையையும் சோற்றுத் தூக்கையும் திறந்து பார்க்கிறார்கள். சுருள் ஒவ்வொன்றும் ஸ்கூட்டர் சக்கரம் அளவு. அதைச் சோற்றுத் தூக்கில் தேடினார்கள். சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண், கீழே நின்று பேசினால் மேல்தளத்தில் இருப்பவன் 'சரிக்கா' என்பான். அவ்வளவு குரல். பெயர் மைக். மைக் அவளைக் கடந்து போகும்போது வேண்டுமென்றே காற்றோடு பேசினாள்.

"இங்க சிலபேரு திருடனைப் பிடிக்க உக்காந்திருக்காங்களா, திருடனுக்குக் காவலா உக்காந்திருக்காங்களா, ஒண்ணும் புரியலை!"

மேல்தளத்தில் சிரிப்புக் கேட்டது.

"திருடன் வந்தா உன் குரலுக்கே ஓடிருவான்க்கா. எனக்கு எதுக்கு வேலை?" என்றாள் இவள், திரும்பாமல்.

இன்னொரு சிரிப்புக் கேட்டது. இது கொஞ்சம் இவள் பக்கம்.

வாரத்தின் நடுவில் கான்கிரீட் போடும் நாள் வந்தது. கான்கிரீட் ஒரு பிடிவாதக் குழந்தை. ஊற்ற ஆரம்பித்தால் முடிக்கும் வரைக்கும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தளத்தில் ஒட்டுப்போட்ட மாதிரி கோடு விழுந்துவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் சாப்பாட்டு மணி கிடையாது. கைமாற்றிக் கைமாற்றி நாலு பேர் நாலு பேராகப் போய் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அவள் பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். வழக்கமாகப் படம் நிற்கும் நேரம் வந்தது. படம் நிற்கவில்லை. அந்த நேரம் போயிற்று. படம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வருதாங்க?"

"ஜோரா வருது. நீ டப்பா மேல உக்காந்திருக்கிறதுகூடத் தெரியுது. முதுகை நிமிர்த்தி உக்காரு."

வெயில் சாய்ந்தபோது கான்கிரீட் வேலை முடிந்தது. எல்லோரும் ஒரே மூச்சாக இறங்கி வந்து நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். படம் இரண்டு தடவை திக்கி, நின்றது.

அவள் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். இத்தனை நாளும் போனைப் பார்த்தாளே தவிர ஆட்களைப் பார்க்கவில்லை. செங்கல் அடுக்கின்மேல் ஒருவன், தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து ஒரு அம்மா அவன் தட்டை எட்டிப் பார்த்தாள். மணல் குவியலில் மைக் யாரையோ வீடியோவில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். கம்பி கட்டுகிறவன், புதுசாகக் கல்யாணமானவன் என்பதால் எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிடும் ஆள், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அங்கே ஒருவன், இங்கே ஒருத்தி. அத்தனை பேரும் வீட்டுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு முகம் கழுவிக்கொண்டு பேச வேறு நேரம் ஏது?

அவளுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. படம் பார்ப்பது வேறு, படம் அனுப்புவது வேறு. நாம் எல்லோரும் டவரிடமிருந்து வாங்குவதுதான் அதிகம், அதனால் டவரும் கொடுக்கிற கையைப் பெரிதாகவும் வாங்குகிற கையைச் சிறிதாகவும் வைத்திருக்கிறது. கேமராவுக்கு வேண்டியது அந்தச் சிறிய கை. வீடியோ காலுக்கும் அதேதான் வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் அந்தக் கைக்கு முண்டியடித்தன. கேமரா பாவம், வரிசையில் நின்றது. சிக்னல் கோடு என்பது டவர் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அங்கே கூட்டம் இருக்கிறது என்று சொல்லாது.

அடுத்து வந்ததுதான் அவளை உறுத்தியது. கம்பம் நடுவதற்கு அவள் எப்போதும் வார விடுமுறை நாளில்தான் வருவாள். அன்றைக்குக் கிரேன் ஓடாது, லாரி வராது, ஏணியை எங்கு வேண்டுமானாலும் சாய்க்கலாம். அப்போதே சிக்னலையும் சோதித்துவிடுவாள். ஆளே இல்லாத இடத்தில் சோதித்து, ஆள் நிறைந்த இடத்துக்குக் கேமரா வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமாக. மற்ற இடங்களில் ஆட்கள் குறைவு, தப்பித்துக்கொண்டாள். இங்கே மாட்டிக்கொண்டாள்.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, எல்லாரும் வீட்டுக்குப் பேசுறதால திருட்டுப் போகுது. இதை நான் ஓனர்கிட்ட சொல்லணும்."

"நிரூபிச்சுக் காட்டுறேன் சார். நாளைக்கு ஒரு சாப்பாட்டு வேளை. நீங்க படத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க."

நிரூபிக்க வேண்டுமானால் அத்தனை பேரும் ஒரு வேளைக்குப் போனை அணைத்து வைக்க வேண்டும். தங்களைக் கண்காணிக்க வந்தவள் என்று நினைக்கிறவர்களிடம் போய் இதைக் கேட்க வேண்டும். அவள் நேராக மணல் குவியலுக்குப் போனாள். மைக்கிடம் சொன்னால் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

"எதுக்கு நாங்க அணைக்கணும்?" என்றாள் மைக். அது எல்லாத் தளத்துக்கும் கேட்டது. "உன் கேமராவுக்கு விக்கல் வந்தா நாங்க தண்ணி குடிக்கணுமா?"

"தினமும் உன் சோத்துத் தூக்கைத் திறந்து பார்க்குறாங்களே, அது உனக்குச் சம்மதமாக்கா?"

மைக் வாயைத் திறந்து மூடினாள். அது அபூர்வக் காட்சி.

"படம் ஓடுனா எவன் எடுக்குறான்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சா உங்க பையில கை வைக்க மாட்டாங்க. என் பேரும் கெட்டுப்போய்க் கிடக்கு, உங்க பேரும் கெட்டுப்போய்க் கிடக்கு. ஒரே ஒரு வேளை. அதுக்கு மேல கேட்டா என்னன்னு கேளு."

"ஒரு வேளைதானே?"

"ஒரே வேளை. என் வாக்கு."

மைக் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்து அறிவித்தாள். "எல்லாரும் கேட்டுக்குங்கப்பா! நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல போனை அணைச்சு ஹெல்மெட்டுக்குள்ள போட்டு முன்னாடி வச்சிரணும்! எவனாவது பேசுனா நான் அவன் வீட்டுக்குப் பேசுவேன்!"

தூணுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் மட்டும் வந்தது. "அக்கா, எனக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம்... அவ காத்துக்கிட்டிருப்பாக்கா."

"ஒரு நாள் காத்திருந்தா தேஞ்சா போயிருவா? வைடா போனை!"

மறுநாள் மணி அடித்தது. மல்லாந்த ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு அணைந்த போன். கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பேர், தாங்கள் இருவருமே இடது கைக்காரர்கள் என்பதை அன்றுதான் கவனித்தார்கள். மேனேஜர் தகர அறை வாசலில் நின்று போனைப் பார்த்தார். படம் ஓடியது, ஓடியது, சாப்பாட்டு நேரம் முடியும் வரை ஓடியது. ஹெல்மெட் வரிசையும் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்த மாப்பிள்ளையும் தெரிந்தான்.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பிரமாதம்மா! இனிமே சாப்பாட்டு நேரத்துல போன் கூடாதுன்னு வாசல்ல எழுதி ஒட்டிடுறேன். பிரச்சினை முடிஞ்சுது!"

சுலபமான வழி. இவள் தலையாட்டினால் போதும். ஓனர் வருவார், படம் ஓடும், பெயர் தேறும்.

"அது முடியாது சார்."

"எது?"

"ஒரு வேளைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். போனைப் பிடுங்குனீங்கன்னா நானே கம்பத்தைப் பிடுங்கிட்டுப் போயிடுறேன். தப்பு என்னோடது சார். ஆள் இல்லாத நாள்ல சோதிச்சேன். அதை நான்தான் சரி பண்ணணும், அவங்க இல்லை."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓனர் வர்றதுக்குள்ளே?"

"ஓனர் வர்றதுக்குள்ளே."

வெளியே வந்தாள். பெயின்ட் டப்பாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாள்.

கூட்டம் இருக்கும் டவரிடம் கெஞ்சிப் பயனில்லை. கூட்டம் இல்லாத டவர் வேண்டும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் நடந்தாள். இங்கே நின்றாள், அங்கே நின்றாள். மாடி மாடியாக ஏறினாள். கடைசியில் மேல்தளத்தில், லிஃப்டுக்காக எழுப்பியிருந்த சுவருக்குப் பக்கத்தில் நின்றபோது, தூரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு டவர் தெரிந்தது. அதைச் சுற்றி வீடு இல்லை, கடை இல்லை. விசாரித்தால், அது இடுகாட்டுக்குப் பின்னால் நிற்கும் டவர். அங்கே குடியிருப்பவர்கள் யாரும் வீடியோ கால் பேசுவதில்லை.

மீன்முள் போன்ற ஒரு ஆன்டெனா வாங்கி வந்தாள். கேட்கிற திசையை மட்டும் கேட்டு, மற்ற திசைக்கெல்லாம் காதை மூடிக்கொள்ளும் ஆன்டெனா அது. மருமகள்களுக்கு அப்படி ஒரு காது இருந்தால் குடும்பங்கள் எவ்வளவோ நன்றாக இருக்கும். லிஃப்டுச் சுவரில் குழாய் ஒன்றை அடித்து, அதன் நுனியில் ஆன்டெனாவைக் கட்டினாள். கீழே இருக்கும் கம்பங்களெல்லாம் இந்த உச்சிக்கு அனுப்பும், உச்சி தூரத்து டவருக்கு அனுப்பும். ஆனால் விரல் அளவு திருப்பினாலும் குறி தவறிவிடும். ஒரு கையில் ஆன்டெனா, காதில் போன், போனில் வீட்டுக்காரர்.

"வருதாங்க?"

"இல்லை."

"இப்ப?"

"வருது... வருது... ஐயோ, போயிடுச்சு. என்ன பண்ணுனே?"

"தும்முனேன்."

"தும்முறதை நிறுத்திட்டுத் திருப்பு."

இதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தாள். வேண்டுமென்றே. கீழே அத்தனை பேரும் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது. மைக் அன்றைக்குத் தன் வீட்டுச் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து, குழாய் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படம் திக்கியது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. அவள் நட்டை முறுக்கி, முறுக்கியதை மறுபடி முறுக்கி, மேலே பெயின்ட் அடித்து அடையாளம் போட்டாள். இறங்கி வந்து, தன் கொள்கையைக் கொஞ்சம் நெளித்துக்கொண்டு, எல்லாக் கேமராவிலும் கார்டும் செருகினாள். வீட்டுக்கும் போகட்டும், இங்கேயும் இருக்கட்டும்.

ஓனர் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பார்த்தார். "இந்த நாய் யாரோடது?" என்று ஒரு கேள்வி கேட்டார். போய்விட்டார். இதற்குத்தான் ஒரு வாரம் தூங்காமல் இருந்தாள்.

திருடன் அகப்பட்டது அதற்குச் சில நாள் கழித்து. காலி சிமென்ட் சாக்குகளை வாங்கிப் போக ஒரு வியாபாரி சாப்பாட்டு நேரத்தில்தான் வருவார். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வந்து, சாக்குகளை அடுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். கட்டுக்கு நடுவில் ஒரு சுருளை வைத்துச் சுற்றினால் சாக்குக் கட்டு சாக்குக் கட்டு மாதிரியேதான் இருக்கும். தையல் மேசையிலிருந்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பட்டனைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். வண்டியை வாசலிலேயே நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து சோற்றுத் தூக்கை யாரும் திறக்கவில்லை.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மின்விசிறியைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்களைப் பத்தி நான் வெளியில யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைம்மா."

"அது போதாது சார். மத்தவங்க சொன்னாங்களே. இப்ப நீங்க சொல்லணும், நடந்தது என்னன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் அவள் முன்னாலேயே நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார். சலூனும் பஞ்சர் கடையும் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இப்போது கேமராவை இடுகாட்டோடு இணைத்திருக்கிறாள் என்று பேச்சு.

பெயர் மீண்டுவிட்டது. ஆனால் வந்த வழியில் அவள் ஒரு கடன் பட்டுவிட்டாள். மாப்பிள்ளையிடம்.

போனை ஹெல்மெட்டுக்குள் வைத்த அந்த ஒரு வேளை, அவன் மனைவி விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். 'சுவிட்ச் ஆஃப்' என்றே வந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைகூடத் தவறாதவன். மாலையில் காரணம் சொன்னான்: கேமரா ஓடுகிறதா என்று பார்க்க எல்லோரும் போனை அணைத்து ஹெல்மெட்டுக்குள் போட்டோம். உலகத்தில் எந்த மனைவி இதை நம்புவாள்? அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவள் போனை எடுப்பதில்லை.

அவன் வந்து நின்றதும் ஒயரில்லாக்கா அவனுடைய போனை வாங்கி, காலை நேரமாகப் பார்த்துத் தானே பேசினாள்.

"நான் இங்க கேமரா வைக்கிறவ பேசுறேன்மா. அன்னிக்கு உன் வீட்டுக்காரர் போன் எடுக்காததுக்குக் காரணம் நான்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது:

"ஓ. நீங்கதானா அது?"

அந்தப் புதுச் சந்தேகத்தை ஆற்றவே பாதிக் காலை பிடித்தது. மைக்கும் பக்கத்திலிருந்து கத்தி உதவினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்தாள். "கேமரா வைக்கிறவங்கன்னு சொல்றீங்க. அன்னிக்குப் படம் நல்லா ஓடுச்சுன்னும் சொல்றீங்க. அப்ப அந்தப் படத்தைக் காட்டுங்க. பார்த்துட்டு நம்புறேன்."

நியாயமாகத்தான் கேட்கிறாள். படமும் இருக்கிறது. தையல் மேசைக்கு அடியில், அழிந்துபோகாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் ஒயரில்லாக்கா: ஹெல்மெட் வரிசை, சோற்றுத் தட்டு, போன் இருக்கும் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருக்கும் புதுமாப்பிள்ளை. எந்தக் கல்நெஞ்சும் கரையும். ஆனால் கட்டடத்தின் படம் கட்டடத்துக்காரருடையது. அவர் சம்மதம் இல்லாமல் வெளியாள் ஒருவருக்கும் காட்டுவதில்லை என்பது அவளே போட்ட விதி. அதை ஒரு தடவைகூட மீறியதில்லை என்பதால்தான் அவளை நம்பிக் கம்பம் வைக்க விடுகிறார்கள்.

மேனேஜரிடம் கேட்டாள். "ஓனரைக் கேட்டுச் சொல்றேன்மா" என்றார். ஓனர் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தார், மறந்துவிட்டார். மறுபடி கேட்டாள். 'எதுக்கு?' என்று ஓனர் கேட்டாராம், மேனேஜருக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லையாம்.

"என்னக்கா ஆச்சு?" என்று மாப்பிள்ளை தினமும் கேட்கிறான்.

"கேட்டிருக்கேன்பா."

"இன்னிக்கும் எடுக்கலைக்கா அவ."

நேற்றும் அப்படித்தான். மணி அடித்தது. கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் முகங்களைக் காட்டிப் பேச ஆரம்பித்தது. தூணுக்குப் பின்னால் மாப்பிள்ளை மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தகர அறைக்கு நடந்தாள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். சம்மதம் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று அவள் நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.